பொருள்: வெள்ளம்

ஏழுதேசத்தில் என் கடை.
நகல், ஆதார், வில்லங்கம், மனு.
மனுவுக்கு அறுபது ரூபாய்.
சானல் மனு என்றால் நாற்பது;
அது கணினியிலேயே கிடக்கிறது,
தேதியும் பெறுநரும் மாற்றினால் போதும்.

தேதி தானாக மாறும்.
பெறுநரைத்தான் கவனிக்க வேண்டும்.
ஒரே வருடத்தில் நான்கு தடவை மாற்றினேன்:
ஓர் அமைச்சர் துறை மாறினார்,
ஒருவர் கட்சி மாறினார்,
அந்தப் பக்கம் ஆட்சியே மாறியது,
பிறகு இரண்டு பக்கமும் தேர்தல் விதிமுறை.
அணை மட்டும் அதே மலையில்.
மதகு அந்த மாநிலம்,
கடைசி மைல் இந்த மாநிலம்,
நடுவில் ஓர் எல்லைக்கல்,
அதன்மேல் யாரோ காயப்போட்ட கால்சட்டை.

சானலுக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.
கரை தாண்டிப் போனால் ஆறு.
இருபது வருடத்தில் அந்தச் சானல் கண்ட ஆறு
அது ஒன்றுதான்.

வாழைக்காரர் ஞானசிகாமணி சொல்லச் சொல்ல
அப்படியே அடித்தேன்:
'எங்கள் சானலில் வெள்ளம் இல்லை.'
சென்னையிலிருந்து பதினேழே நாளில் பதில்.
'தங்கள் பகுதியில் வெள்ளம் இல்லை என்பது
குறித்துக்கொள்ளப்பட்டது.
நிவாரணத்துக்கான தேவை எழவில்லை.'
அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.
சிரிக்கத் தொடங்கியவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதே மனு திருவனந்தபுரத்துக்கும் போயிருந்தது.
அங்கே வெள்ளம் என்றால் வெள்ளம்தான்,
குடிக்கிறது, குளிக்கிறது, வாழைக்குப் பாய்கிறது.
ஒரு சொல் பிசகாமல் விளங்கியிருக்கும்.
பதில் வரவில்லை.

ஆறு மனுவில் கிடக்க
ஊர் கீழ்நோக்கிப் போயிற்று.
திருச்செங்கோட்டு வண்டி எங்கள் முற்றத்துக்கும் வந்தது.
இருநூறு அடியில் பாறைத்தூள்,
முந்நூற்றறுபதில் ஈரம்,
நானூற்றுப் பத்தில் சேறு பீய்ச்சியடித்து
என் ரப்பர்ச் செருப்புவரை வெள்ளம்.
வண்டிப் பையன்களுக்குக் கட்டன்சாயா கொடுத்தேன்.
எந்த மாநிலத்தின் கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை,
நகையை வைத்த ரசீதில் என்னுடையதைத் தவிர.

போன வியாழக்கிழமை புஷ்பலீலா வந்தாள்.
மதில் பங்கிடும் வீடு.
'ஒரு மனு அடிக்கணும்.'
யாருக்கு?
'கலெக்டருக்கு. நீ அடி, நான் சொல்லுதேன்.
எங்க கிணற்றுல மூணு உறை வெள்ளம் நிக்கும்.
மீனத்துல கூட ஒரு உறை நிக்கும்.
பக்கத்து வீட்டுல போர் போட்ட அன்னையில இருந்து
காலையில ரெண்டு குடம்.
பின்ன சளிதான்.'

அவள் குரலில் கோபம் இல்லை.
கோபம் இருந்திருந்தால்
எழுந்து நின்று பேசியிருப்பேன்.
படிவத்தில் ஒரு கட்டம்: எதிர்மனுதாரர் பெயர்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.
நானே அடித்தேன், கணவன் பெயரோடு, கதவு எண்ணோடு,
எழுத்துப்பிழை இருக்கிறதா என்றும் பார்த்தேன்.

பிறகு சொன்னேன்:
'சர்வர் இல்லை. நாளைக்கு வா.'
மோடத்தில் பச்சை விளக்கு இரண்டும் எரிந்தன.
அவள் பார்க்கவில்லை.
அல்லது பார்த்தாள்.
அறுபது ரூபாயை மேசையில் வைத்துவிட்டு
'சரி பிள்ளே' என்று எழுந்தாள்.

இப்போதுதான் தெரிகிறது
இரண்டு தலைமைச் செயலகத்திலும்
நாற்காலிகள் எப்படி இருக்கும் என்று.
நல்ல மெத்தை வைத்தவை.
என்னுடையதைப் போலவே கொஞ்சம் சுழலும்.

அன்று இரவு மோட்டாரை
அரைமணி முன்னதாக நிறுத்தினேன்.
அதைத் தீர்வு என்று எந்தக் கடிதத்திலும் எழுத முடியாது.
மதிலுக்கு அப்பால் வாளி இறங்கியது.
கயிறு ஓடிக்கொண்டே இருந்தது,
ஓடிக்கொண்டே இருந்தது,
பிறகு மண்ணில் தட்டியது.

மனு கணினியில் கிடக்கிறது.
பொருள்: வெள்ளம்.
தேதி
தானாக மாறுகிறது.